பெயர் அழிக்கப்பட்ட பழைய மாடல் விமான எஞ்சின்: இது யார் கைவேலை?

கோட்டைவாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். வேலூர் லாங் பஜாருக்குப் பின்னால் உள்ள சந்தில் ஒரு பழைய இரும்புக் கடை. அங்கே மின்விசிறி மோட்டார்களுக்கு நடுவில் கிடந்தது இது. கடைக்காரர் "மருந்து தெளிக்கிற மெஷின் மோட்டார்" என்றார். கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தபோது கண்ட்ரோல் லைன் விமானங்களை, அதாவது கம்பியில் பிடித்து வட்டமாகப் பறக்கவிடும் மாடல்களை, கையால் தொட்டவன் நான். மருந்து மெஷினுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தெரியும். பேரம் பேசாமல் வாங்கி வந்துவிட்டேன்.

படங்கள் இணைத்திருக்கிறேன். உள்ளங்கையில் அடங்கும் ஒற்றை சிலிண்டர். அலுமினிய வார்ப்பு. காற்று உள்ளே போகும் வழி முன்பக்கம், புகைபோக்கி பக்கவாட்டில். ஹெட்டில் பிளக் செருகத் துளை கிடையாது. அதற்குப் பதில் நடுவில் ஒரு திருகாணி, அதன் உச்சியில் குறுக்குக் கம்பி. ஹெட்டைப் பூட்டியிருக்கும் திருகாணிகள் ஒரு வகை, பின்தட்டில் இருப்பவற்றில் சில வேறு வகை. கிராங்க் கேஸின் ஒரு பக்கத்தில் எழுத்து இருந்திருக்க வேண்டும்; அந்த இடம் அரத்தால் தட்டையாகத் தேய்க்கப்பட்டிருக்கிறது. உள்ளே பழுப்பு நிறப் பிசின். ஷாஃப்ட் அசையவே மறுக்கிறது.

எந்தக் கம்பெனி, எந்தக் காலம், மாற்றியது யார்? ஓடுமா? பெயரை ஏன் அழித்திருப்பார்கள் என்பதுதான் எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. திருட்டுப் பொருளாக இருக்குமோ?

---

ஆம்பூர் எளியவன் எழுதியது:

பழைய இரும்புக் கடையில் வாங்கியதற்குப் பூர்வீகம் விசாரிக்கிற முதல் ஆள் நீங்கள்தான். எனக்கு இதில் ஞானம் இல்லை, இழையைத் தொடர்கிறேன்.

---

டீசல் வாசனை எழுதியது:

குறுக்குக் கம்பியைப் பார்த்ததும் பாதி விடை வந்துவிட்டது. இது மாடல் டீசல். லாரி டீசலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் ஏறக்குறைய சம பங்கு. சீராக எரிய நூற்றுக்கு ஒன்றோ இரண்டோ பங்கு அமைல் நைட்ரேட். பிளக் இல்லை, பேட்டரி இல்லை. ஈதர் மிகக் குறைந்த வெப்பத்திலேயே தானாகத் தீப்பற்றும் என்பதால் அழுத்தமே போதும். அந்தக் குறுக்குக் கம்பியைத் திருகினால் சிலிண்டரின் மேல்புறம் இருக்கும் இன்னொரு குட்டி பிஸ்டன் இறங்கும். அதற்குக் காண்ட்ரா பிஸ்டன் என்று பெயர். அழுத்தத்தை ஓட்டுபவரே கூட்டிக் குறைத்துக்கொள்வார்.

போருக்குப் பிந்தைய இங்கிலாந்து முழுக்க இந்த வகைதான் ஆட்சி செய்தது. மில்ஸ் 1.3 வந்தது 1946இல். அதன் பிறகு இ.டி., ஃப்ராக், எல்ஃபின், ஆலிவர் டைகர், மேக்கிள்ஸ்ஃபீல்டின் பி.ஏ.டபிள்யூ. என்று வரிசை. மில்ஸ் 0.75இன் நகல்கள் நம் நாட்டிலேயே செய்யப்பட்டன. வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் அவற்றை "இந்தியன் மில்ஸ்" என்றே குறிப்பிடுவார்கள்.

ஆனால் படத்தில் இருப்பது மில்ஸைவிடப் பெரிதாகத் தெரிகிறது. ஏதோ ஒரு பிரிட்டிஷ் டீசல், அல்லது அதைப் பார்த்து இங்கே ஒரு பட்டறையில் வார்த்தது. அளவு சொல்லுங்கள்.

---

கடைசல் பட்டறை எழுதியது:

முதலில் ஒரு வேண்டுகோள். இடுக்கியைப் போட்டு ஷாஃப்டைத் திருப்பாதீர்கள். பிசின் என்பது காய்ந்த விளக்கெண்ணெய். பலவந்தமாகத் திருப்பினால் கனெக்டிங் ராட் வளையும். முடி உலர்த்தும் கருவியால் சிலிண்டரைச் சுற்றிச் சூடு காட்டினால் இளகும். வேலூர் வெயிலில் மொட்டை மாடியில் மத்தியானம் வைத்தாலும் பாதி இளகிவிடும், விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முழுதாகச் சுத்தம் செய்ய வேண்டுமானால் எதிலீன் கிளைக்கால் உள்ள ரேடியேட்டர் கூலண்டில் போட்டு, கொதிக்கவிடாமல், மிதமான சூட்டில் சில மணி நேரம் வையுங்கள். பிசின் தானே கழன்றுவிடும். வீட்டுக்கு வெளியே செய்யுங்கள். பாத்திரம் மறுபடி அடுப்படிக்குப் போகக் கூடாது, கூலண்ட் விஷம். காஸ்டிக் சோடா பக்கமே போகாதீர்கள், அலுமினியத்தைத் தின்றுவிடும்.

இனி அடையாளம். ராணிப்பேட்டையில் லேத் முன்னால் நின்று என் ஆயுசில் பெரும்பகுதி போயிருக்கிறது. மாற்றிய பொருளை அடையாளம் காண என் முறை இது: எதை மாற்றுவது சுலபம், எதை மாற்றவே முடியாது என்று முதலில் பிரித்துக்கொள்வேன். ஹெட், பின்தட்டு, கார்புரேட்டர், ஊசி வால்வு, புரொப்பெல்லர் நட்டு, இவை எல்லாம் ஒரு சாயங்காலத்தில் மாற்றக்கூடியவை. அவற்றில் என்ன பெயர் பொறித்திருந்தாலும் நம்ப மாட்டேன். ஒரு கம்பெனியின் பின்தட்டு இன்னொரு கம்பெனியின் உடம்பில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். போர், அதாவது சிலிண்டரின் உள்விட்டம், கூட மாறும். ஹோனிங் செய்து புது பிஸ்டன் போட்டால் பத்தில் ஒரு மில்லிமீட்டர் ஏறிவிடும்.

ஸ்ட்ரோக் மாறாது. அது கிராங்க் ஷாஃப்டின் கிராங்க் பின் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதை மாற்ற வேண்டுமென்றால் புது ஷாஃப்டே செய்ய வேண்டும். ஹெட்டைக் கழற்றுங்கள். பிஸ்டன் மேலே இருக்கும்போது ஓர் ஆழ அளவு, கீழே இருக்கும்போது ஓர் ஆழ அளவு. வித்தியாசம்தான் ஸ்ட்ரோக்.

அடுத்தது மரை. எழுத்தை அரத்தால் அழிக்கலாம், மரையை அழிக்க முடியாது, பெரிதாக்கத்தான் முடியும். பழைய பிரிட்டிஷ் எஞ்சின்களில் பி.ஏ. (பிரிட்டிஷ் அசோசியேஷன்) அளவு மரை இருக்கும். 6 பி.ஏ. என்றால் விட்டம் 2.8 மில்லிமீட்டர், பிட்ச் (ஒரு மரைக்கும் அடுத்த மரைக்கும் உள்ள தூரம்) 0.53. அமெரிக்காவின் 4-40 திருகாணியும் ஏறக்குறைய அதே விட்டம், 2.84தான், ஆனால் பிட்ச் 0.635. ஒன்றை மற்றொன்றில் போட்டால் இரண்டு சுற்று சுகமாகப் போகும், பிறகு இறுகும். அங்கேதான் பலர் "துரு பிடித்திருக்கிறது" என்று நினைத்து முறுக்கி உடைப்பார்கள். ஜப்பான், ஐரோப்பா என்றால் மெட்ரிக். பழைய ஜப்பானிய எஞ்சின்களில் எம்3க்கு (3 மி.மீ. விட்டத் திருகாணி) பிட்ச் 0.6 இருப்பதும் உண்டு, இப்போதுள்ள 0.5 அல்ல.

ஒரு பிட்ச் கேஜ் வாங்குங்கள். எல்லாத் துளைகளையும் தனித்தனியாகப் பாருங்கள். ஒன்றைப் பார்த்துவிட்டு மற்றவை அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள்.

---

கோட்டைவாசி எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ஷாஃப்ட் இளகிவிட்டது. ஹெட்டைக் கழற்றினேன்.

போர்: வெர்னியரில் 20.3 மி.மீ. ஸ்ட்ரோக்: 17.8 மி.மீ. பிஸ்டனில் ரிங் கிடையாது, வழுவழுப்பான வார்ப்பிரும்பு. ஸ்லீவில் (பிஸ்டன் ஓடும் உள்குழாய்) காந்தம் ஒட்டுகிறது. ஹெட் திருகாணிகள் எம்4. புரொப்பெல்லர் ஷாஃப்டின் முனை கால் அங்குலம், பிட்ச் கேஜ் 28இல் (அங்குலத்துக்கு 28 மரை) சரியாக உட்காருகிறது.

ஊசி வால்வைப் பார்த்து அசந்துபோனேன். ஒரு தையல் மெஷின் ஊசியின் முனையை சைக்கிள் ஆரக்கம்பியின் நுனியில் பற்றவைத்திருக்கிறார்கள். சைக்கிள் நிப்பிளையே மரைக்குழாயாக வைத்திருக்கிறார்கள்.

---

டீசல் வாசனை எழுதியது:

கணக்குப் போட்டேன், 5.76 சி.சி. வருகிறது. இவ்வளவு பெரிய டீசல் இங்கிலாந்தில் அபூர்வம். அங்கே அரை சி.சி.யிலிருந்து மூன்றரை சி.சி.க்குள்தான் கூட்டம்.

ஹெட்டில் எம்4, ஊசி சைக்கிள் கம்பியில். என் முடிவு: இது முழுக்க முழுக்க உள்ளூர் வேலை. யாரோ ஒரு நல்ல டர்னர் வார்ப்பு போட்டு, ஷாஃப்ட் கடைந்து, எல்லாவற்றையும் தானே செய்திருக்கிறார். பிரிட்டனும் இல்லை, அமெரிக்காவும் இல்லை. அப்படியானால் அது இன்னும் பெரிய விஷயம்.

---

வட்டப்பறப்பு எழுதியது:

அரக்கோணத்திலிருந்து. இழையைத் தாமதமாகப் பார்த்தேன்.

டீசல் வாசனை, அவசரப்படாதீர்கள். 20.3, 17.8 என்பதை அங்குலத்துக்கு மாற்றிப் பாருங்கள். 0.800, 0.700. இரண்டும் முழு எண்ணாக விழுகிறது. ராணிப்பேட்டையிலோ காட்பாடியிலோ ஒருவர் சொந்தமாக வடிவமைத்திருந்தால் 20, 18 என்று வைத்திருப்பார். அங்குலத்தில் யோசித்து 17.78 வைக்க மாட்டார். கூடவே ஷாஃப்டில் கால் அங்குலம், 28 மரை. இது அமெரிக்க வழக்கம்.

0.800 போர், 0.700 ஸ்ட்ரோக் என்றால் 0.352 கன அங்குலம். கண்ட்ரோல் லைன் பறக்கவிட்ட எவருக்கும் இந்த எண்ணைக் கேட்டதும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வரும்: ஃபாக்ஸ் 35 ஸ்டண்ட். டியூக் ஃபாக்ஸ் என்பவருடைய வடிவமைப்பு, 1949இல் வந்தது. ஆர்க்கன்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித்தில் அவருடைய தொழிற்சாலை பத்தாண்டுகள் கணக்கில் இதையே பெரிய மாற்றமின்றிச் செய்துகொண்டிருந்தது. ரிங் இல்லாத இரும்பு பிஸ்டன், இரும்பு ஸ்லீவ், பால் பேரிங் கிடையாது, வெறும் புஷ். நீங்கள் சொன்ன எல்லாம் பொருந்துகிறது.

ஆனால் ஃபாக்ஸ் 35 டீசல் அல்ல, குளோ எஞ்சின். மெத்தனாலில் ஓடுவது, பிளாட்டினக் கம்பிச் சுருள் உள்ள பிளக் வைத்தது. ரே ஆர்டன் அந்தப் பிளக்கை 1947 வாக்கில் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு அமெரிக்கா முழுவதும் அதற்கு மாறியது. எனவே இது ஃபாக்ஸ் என்றால் பிற்பாடு யாரோ டீசலாக மாற்றியிருக்கிறார்கள்.

அளவு பொருந்துவது மட்டும் சாட்சி ஆகாது, அதே அளவில் வேறு எஞ்சின்களும் வந்திருக்கலாம். இரண்டு விஷயம் பார்த்துச் சொல்லுங்கள். ஒன்று, பிஸ்டன் தலையில் சுவர் போல ஒரு மேடு இருக்கிறதா? இரண்டு, பின்தட்டைக் கழற்றி, கிராங்க் கேஸிலிருந்து மேலே போகும் பைபாஸ் வழியை டார்ச் அடித்துப் பாருங்கள். காலியாக இருக்கிறதா, எதையாவது அடைத்திருக்கிறார்களா?

---

டீசல் வாசனை எழுதியது:

அங்குல லேத் நம் ஊரிலும் இருந்தது. பழைய பிரிட்டிஷ் லேத்களில் லீட் ஸ்குரூவே அங்குலம்தான். அதில் கடைந்தவர் அங்குலத்தில்தான் யோசிப்பார். பிஸ்டன் மேடு என்ன சொல்கிறது என்று பார்ப்போம்.

---

கம்மவான்பேட்டை எழுதியது:

எங்கள் ஊரை ராணுவப்பேட்டை என்பார்கள், வீட்டுக்கு ஒருவர் படையில் இருந்தவர். நான் விமானப் படையில் ஏர்ஃப்ரேம் ஃபிட்டர், ஓய்வு பெற்று வெகு காலம் ஆகிவிட்டது. மாற்றியவர் யார் என்ற கேள்விக்கு என் பங்கு.

குளோ எஞ்சினை எதற்காக ஒருவர் மெனக்கெட்டு டீசலாக்க வேண்டும்? வெளிநாட்டில் இதை ருசிக்காகச் செய்வார்கள். டீசலில் இழுவை அதிகம், பெரிய புரொப்பெல்லரைச் சுற்றும், எரிபொருள் குறைவாகச் செலவாகும். இங்கே காரணம் வேறு. தமிழ்நாட்டில் மெத்தனால் என்பது மதுவிலக்குச் சட்டத்தின் கண்காணிப்பில் உள்ள பொருள். உரிமம் இல்லாமல் வாங்கவோ வைத்திருக்கவோ முடியாது. 2024இல் கள்ளக்குறிச்சியில் நடந்த கொடுமைக்குப் பிறகு அந்தப் பிடி எவ்வளவு இறுகியது என்று எல்லோருக்கும் தெரியும். பொழுதுபோக்குக்கு ஒரு லிட்டர் வேண்டும் என்று எந்த அலுவலகத்தில் போய் நிற்பது? ஈதரை ரசாயனக் கடையில் வாங்கலாம், மண்ணெண்ணெய் வீட்டில் இருந்தது, விளக்கெண்ணெய்க்குப் பஞ்சமே இல்லை. பிளக்கும் இறக்குமதிச் சரக்கு. கம்பி எரிந்துபோனால் அடுத்தது எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டீசலாக்கிவிட்டால் பிளக்கே தேவையில்லை.

ஆக, அந்த ஹெட்டைச் செய்தவர் இந்த மண்ணில் இருந்து பறக்கவிட்டவர் என்றுதான் நினைக்கிறேன். வட ஆற்காடு 1989இல் பிரிவதற்கு முன்பு, பணிமனைப் பயிற்சி பெற்று ஊர் திரும்பிய படைவீரர்கள் இந்த வட்டாரத்தில் எத்தனையோ பேர். அவர்களில் ஒருவராக இருக்கலாம், என்.சி.சி. பயிற்றுநராக இருக்கலாம். ஆள் பெயர் தேடிப் போகாதீர்கள். கிடைக்காது, கிடைத்தாலும் சரிபார்க்க வழி இல்லை. வேலையைப் பாருங்கள். வேலை பேசும்.

---

கோட்டைவாசி எழுதியது:

முழுதாகப் பிரித்துவிட்டேன். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

பிஸ்டன் தலையில் மேடு இருக்கிறது. ஒரு பக்கம் நேராக எழுந்து மறுபக்கம் சரிகிறது.

ஹெட்டுக்குள் இருந்த காண்ட்ரா பிஸ்டனை வெளியே தள்ளினேன். எஃகு. அடிப்பக்கத்தில் ஒரு பள்ளம் வெட்டியிருக்கிறார்கள். பிஸ்டன் மேட்டை அந்தப் பள்ளத்தில் வைத்தால் அச்சாகப் பொருந்துகிறது. பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டர் தடிமனுக்கு நீளமான ஒரு காடி. ஹெட்டில் அதே இடத்தில் ஒரு சிறிய எஃகு ஊசி நீட்டிக்கொண்டிருக்கிறது. காண்ட்ரா பிஸ்டன் மேலும் கீழும் போகலாம், சுழல முடியாது.

பின்தட்டில் நான்கு துளைகள். இரண்டில் எம்4. மற்ற இரண்டிலும் பிட்ச் கேஜ் 40இல் உட்காருகிறது, அங்குல மரை.

வட்டப்பறப்பு கேட்ட பைபாஸ் வழி: முதலில் பிசின் கட்டி என்று நினைத்துக் குச்சியால் சுரண்டினேன். பிசின் இல்லை. மரம். இலேசான மரத்துண்டு ஒன்றைக் கத்தியால் வழியின் வளைவுக்கு ஏற்றபடி செதுக்கி, பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பசை தேன் நிறத்துக்குப் பழுத்துக் கல்லாகியிருக்கிறது. வழியில் பாதி இடத்தை மரம் அடைத்துக்கொண்டிருக்கிறது. இது பழுதா, வேண்டுமென்றே செய்ததா?

---

வட்டப்பறப்பு எழுதியது:

வேண்டுமென்றே செய்தது! நான் எதிர்பார்த்ததும் இதைத்தான்.

ஃபாக்ஸ் 35க்கு உலகம் அறிந்த ஒரு வியாதி உண்டு. வளையம் போடும்போது, குறிப்பாகச் சட்டென்று திரும்பும் இடத்தில், எஞ்சின் ஒரு கணம் விக்கிவிட்டுத் தொடரும். அமெரிக்கர்கள் அதை "ஃபாக்ஸ் பர்ப்" என்பார்கள். இதன் பைபாஸ் வழி அளவுக்கு மீறி அகலம். உள்ளே தேங்கும் எரிபொருள் விமானம் திரும்பும் வேகத்தில் மொத்தமாக மேலே வீசப்படுவதால் விக்குகிறது என்பதே பெரும்பாலானோர் ஏற்கும் விளக்கம். மருந்து: பைபாஸ் வழியில் பால்சா மரத்தையோ ஐஸ் குச்சியையோ பசை வைத்து ஒட்டிக் குறுக்குவது. ஸ்டண்ட் பறப்பவர்களிடையே வழிவழியாக வந்த கைமுறை இது. அதே நோக்கத்தில் பின்தட்டையே தடிமனாகச் செய்து உள்ளிடத்தைக் குறைப்பவர்களும் உண்டு.

இந்த வியாதி இருக்கும் எஞ்சினுக்குத்தான் இந்த மருந்து போடுவார்கள். 0.800, 0.700 அளவு, 28 மரை ஷாஃப்ட், மேடு வைத்த பிஸ்டன், இரும்பில் இரும்பு, பைபாஸில் மரம். என் தரப்பில் வழக்கு முடிந்தது. ஃபாக்ஸ் 35 ஸ்டண்ட்.

டீசல் வாசனைக்கு ஒரு வார்த்தை. பிறவி டீசல்களில் பெரும்பாலும் பிஸ்டன் தலை தட்டையாகவோ கூம்பாகவோதான் இருக்கும், காண்ட்ரா பிஸ்டனும் அதே வடிவத்துக்குப் படியும். மேடு வைத்த பிஸ்டனுக்கு மேலே காண்ட்ரா பிஸ்டன் பொருத்துவது பெரிய தலைவலி. பள்ளம் வெட்ட வேண்டும், வெட்டினால் அது சுழலக் கூடாது, அதற்கு ஊசி வைக்க வேண்டும். புதிதாக ஒரு டீசலை வடிவமைக்க உட்காருகிற எவரும் இந்தத் தலைவலியைத் தானாக வரவழைத்துக்கொள்ள மாட்டார். கையில் கிடைத்த பிஸ்டனோடு மல்லுக்கட்டியவர்தான் செய்வார்.

---

டீசல் வாசனை எழுதியது:

பள்ளமும் ஊசியும் எனக்குப் புதிது. வெளிநாட்டில் விற்கும் மாற்று ஹெட்களில் இப்படி நான் பார்த்ததில்லை. உடம்பு ஃபாக்ஸ் என்றே வைத்துக்கொள்வோம். ஹெட்டைச் செய்தவர்தான் எனக்கு முக்கியம்.

---

கடைசல் பட்டறை எழுதியது:

கோட்டைவாசி அனுப்பிய பெரிய படங்களை நேற்று வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இதில் ஒரு கை இல்லை, இரண்டு கைகள் இருக்கின்றன.

முதல் கை மரத்தை ஒட்டியது. அவருக்குத் தேவைப்பட்டது ஒரு பேனாக்கத்தியும் பசையும்தான். லேத் கிடையாது. ஆனால் பறக்கவிடத் தெரிந்தவர். தலைகீழாகப் பறக்கவிட்டு, விக்கலைக் கேட்டு, அதற்கு மருந்தும் தெரிந்தவர். அப்போது எஞ்சின் இன்னும் குளோவாகத்தான் இருந்திருக்க வேண்டும். இப்படிச் சொல்லக் காரணம் இருக்கிறது. மரத்தின் மேல் விளிம்பில் ஒரு சிறு சிராய்ப்பு தெரிகிறது அல்லவா? அதன் மேல் பளபளவென்று உலோகத் துகள்கள் பதிந்திருக்கின்றன. ஹெட் துளைகளுக்கு எம்4 மரை வெட்டியபோது உள்ளே விழுந்த துகள்கள்தான் அவை. மரம் முதலில், மரை பிறகு.

இரண்டாவது கை லேத்காரர். அவர் மில்லிமீட்டரில் யோசிப்பவர். படத்தில் உள்ள அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஹெட்டின் வெளி விட்டமும் காண்ட்ரா பிஸ்டனின் உயரமும் முழு மில்லிமீட்டரில் விழுகின்றன. அழுத்தத் திருகாணியும் மெட்ரிக். கடைசலில் கடைசி வெட்டு மிக மெல்லியது, கோடே தெரியவில்லை. காண்ட்ரா பிஸ்டனை லேப்பிங் செய்திருக்கிறார், நுண்தூள் வைத்துத் தேய்த்து அச்சாகப் பொருத்தியிருக்கிறார். பொறுமைசாலி. ஊசி வால்வும் இவருடையதாகத்தான் இருக்கும். சைக்கிள் ஆரக்கம்பியின் மரை அங்குலத்துக்கு 56, அவ்வளவு நெருக்கமான மரையில் எரிபொருளை மிக நுணுக்கமாகக் கூட்டிக் குறைக்கலாம். அதைத் தெரிந்துதான் எடுத்திருக்கிறார், இல்லாமையால் அல்ல.

இப்போது உங்கள் தூக்கத்தைக் கெடுக்கும் கேள்வி. பெயரை யாரும் ஒளிக்கவில்லை ஐயா. அரத்தால் தேய்த்த அந்தத் தட்டைப் பரப்பை உற்றுப் பாருங்கள். குறுக்கும் நெடுக்குமாக வைரம் வைரமாகப் பொடித் தடங்கள் தெரிகின்றனவா? அவை வைஸின், பொருளை இறுக்கிப் பிடிக்கும் கருவியின், பல் தடங்கள். எதிர்ப்பக்கத்திலும் அதே தடம் இருக்கிறது, அங்கே அரம் படவில்லை. வட்டமான வார்ப்பு, ஒரு பக்கம் மேடான எழுத்து. வைஸில் வைத்தால் ஆடும், டிரில் கோணலாக இறங்கும். பிடி கிடைப்பதற்காக எழுத்தைத் தேய்த்துத் தட்டையாக்கியிருக்கிறார். மென்மையான தாடைகள் போட்டிருந்தால் தேவைப்பட்டிருக்காது. காண்ட்ரா பிஸ்டனை அவ்வளவு அழகாக லேப் செய்தவர் இதை ஏன் இப்படி முரட்டுத்தனமாகச் செய்தார் என்று எனக்கும் வருத்தம்தான். அவசரமாக இருந்திருக்கும். ஞாயிற்றுக்கிழமை பறக்கவிட வேண்டியிருந்ததோ என்னவோ.

---

ஆம்பூர் எளியவன் எழுதியது:

திருட்டுக் கதையை எதிர்பார்த்துக் காத்திருந்தேன். வைஸ் என்று முடித்துவிட்டீர்கள்.

---

கோட்டைவாசி எழுதியது:

நிம்மதி, கொஞ்சம் ஏமாற்றமும்கூட. சரி, ஓட்டலாமா? ஈதர் எங்கே கிடைக்கும்?

இன்னொன்று. பழைய ஃபாக்ஸ் ஹெட் ஒன்றை இணையத்தில் விற்கிறார்கள். அதை வாங்கிப் போட்டு, மரத்தை எடுத்துவிட்டு, பழைய நிலைக்குக் கொண்டுவந்தால் மதிப்பு கூடுமா?

---

டீசல் வாசனை எழுதியது:

தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஃபாக்ஸ் 35 உலகத்தில் ஏராளம். இந்தப் பள்ளமும் ஊசியும் வைத்த ஹெட் ஒன்றே ஒன்று. ஏராளமாக இருப்பதில் இன்னும் ஒன்றைக் கூட்டுவதற்காக ஒன்றே ஒன்றை அழிப்பார்களா?

---

வட்டப்பறப்பு எழுதியது:

அழிக்க வேண்டியதில்லை. ஹெட்டைக் கழற்றிப் பத்திரமாக வைத்துவிட்டு வேறு ஹெட் போட்டுக்கொள்ளலாம், திருகாணி விஷயம்தானே. ஆனால் அசல் ஹெட்டின் துளைகள் எம்4க்குச் சிறியதாக இருக்கும், அவற்றையும் பெரிதாக்க வேண்டி வரும். இன்னொரு நல்ல ஹெட்டையும் கெடுத்ததாகிவிடும். எனவே இருக்கிறபடியே விடுவதுதான் நியாயம் என்பேன். மரத்தில் கை வைக்கவே வேண்டாம்.

---

கடைசல் பட்டறை எழுதியது:

ஓட்டுவது பற்றி. டீசலில் பிஸ்டன் மேல் விழும் அடி குளோவைவிடப் பலமானது. இந்த எஞ்சின் அந்த அடிக்காகச் செய்யப்பட்டதல்ல. ஷாஃப்டும் அலுமினிய ராடும் அந்தக் கணக்கில் வைத்தவை இல்லை. ராடின் பெரிய கண்ணைக் கிராங்க் பின்னில் மாட்டி, பிஸ்டனை அசைக்காமல் ஷாஃப்டை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிப் பாருங்கள். கையில் தட்டுவது தெரிந்தால் ராட் தேய்ந்துவிட்டது. கண் முட்டை வடிவத்துக்குப் போயிருக்கும். அந்த நிலையில் ஓட்டினால் ராட் உடைந்து கிராங்க் கேஸைப் பிளந்துகொண்டு வெளியே வரும். பிறகு அடையாளம் காண ஒன்றும் மிஞ்சாது.

நன்றாகவே இருந்தாலும், அழுத்தத் திருகாணியை முழுக்கத் தளர்த்திவிட்டுத்தான் முதலில் சுற்ற வேண்டும். பிஸ்டனுக்கு மேலே எரிபொருள் தேங்கியிருக்கும்போது அழுத்தத்தோடு சுற்றினால் திரவம் சுருங்காது, ராட் வளையும்.

ஈதரை யார் விற்கிறார்கள் என்று இங்கே எழுத வேண்டாம். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு ஊர்ந்து போய் எங்கோ இருக்கும் அடுப்பைத் தேடிப் பிடிக்கும். திறந்து வைத்த பழைய ஈதரில் பெராக்சைடு சேர்ந்தால் வெடிக்கவும் கூடும். பழகியவர் பக்கத்தில் இல்லாமல் தொடாதீர்கள்.

---

கம்மவான்பேட்டை எழுதியது:

பாலாற்று மணலில் போய் ஓட்டிப் பார்க்கலாம் என்று மட்டும் கிளம்பிவிடாதீர்கள். இந்த எஞ்சின்களுக்குக் காற்று வடிகட்டி கிடையாது. ஒரு சிட்டிகை மணல் போதும், ஸ்லீவ் போய்விடும். அந்தக் காலத்தில் சிமெண்டுத் தரையாகப் பார்த்துத்தான் கண்ட்ரோல் லைன் விடுவோம்.

---

குடியாத்தம் பயணி எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். என்னிடமும் ஒரு பழைய எஞ்சின் இருக்கிறது. குளோ பிளக் போட்டிருக்கிறது, ஆனால் முன்பக்கம் புரொப்பெல்லருக்குப் பின்னால் ஷாஃப்டைச் சுற்றி ஒரு வளையம் அறுக்கப்பட்ட அடையாளம். அதுவும் மாற்றியதுதானா?

---

வட்டப்பறப்பு எழுதியது:

ஆமாம், பெரும்பாலும் அது பிறவியில் ஸ்பார்க் எஞ்சின். அந்த இடத்தில் காண்டாக்ட் பாயிண்ட் இருந்திருக்கும். குளோ பிளக் வந்ததும் காயில், கண்டென்சர், பேட்டரி எல்லாவற்றின் எடையும் மிச்சம் என்று பலர் பாயிண்டை அறுத்துத் தள்ளினார்கள். தனி இழை தொடங்குங்கள், படத்தோடு. கேஸில் அரமோ எமரித் தாளோ போட வேண்டாம். 1940களின் சில அமெரிக்கப் பந்தய எஞ்சின்களுக்கு உடம்பே மெக்னீசியம். அதன் தூள் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது.

---

கோட்டைவாசி எழுதியது:

ராடை ஆட்டிப் பார்த்தேன். தட்டுகிறது, கையில் தெளிவாகத் தெரிகிறது. எனவே ஓட்டவில்லை. ஹெட், மரம், ஊசி எல்லாம் இருந்தபடியே இருக்கும். சுத்தம் செய்து எண்ணெய் போட்டுப் பூட்டி வைக்கிறேன்.

கடைசல் பட்டறை ஐயா, ஒருநாள் ராணிப்பேட்டைக்குக் கொண்டுவரட்டுமா? காண்ட்ரா பிஸ்டனை மைக்ரோமீட்டரில் அளந்து ஒரு வரைபடம் போட்டு இங்கே ஏற்றினால் மற்றவர்களுக்கு உதவும்.

---

கடைசல் பட்டறை எழுதியது:

தாராளமாக வாருங்கள். சிப்காட்டில் வேலை நாட்களில் சத்தம் அதிகம், ஞாயிறு வசதி. பின்தட்டில் அந்த அங்குல மரைத் துளைகள் இரண்டிலும் இருந்த பழைய திருகாணிகளையும் தொலைக்காமல் எடுத்து வாருங்கள். அவை கிடைக்கவில்லை என்றால் துளைகளைக் காலியாகவே விடுங்கள், எம்4 டேப்பை மட்டும் கையில் எடுக்காதீர்கள்.